போனும் பிரவுசரும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 கடைசி நிலவரத்தை வைத்து எழுதிய பதில்கள் இவை. கேள்விகளைக் கேட்கிறபடியே விட்டிருக்கிறோம்.

புது மொடல் வந்த உடனே வாங்கலாமோ, கொஞ்சம் பொறுக்கிறது நல்லதோ?

பொறுங்கள். ஐபோன் செப்ரெம்பரில் வரும். சாம்சுங்கின் எஸ் வரிசை அனேகமாக வருடத் தொடக்கத்தில் வரும். முதல் மாதத்தில் வாங்குகிறவர் கூடிய விலையைக் கொடுத்துவிட்டு, மென்பொருளில் உள்ள முதல் பிழைகளையும் தானே அனுபவிக்கிறார். அந்த மொடலுக்குக் கவரும் கண்ணாடியும் இங்கே கடைகளுக்கு வந்து சேரச் சில கிழமை எடுக்கும். உடைந்தால் மாற்ற டிஸ்பிளே கிடைப்பது அதற்கும் பிறகுதான்.

ஆனால் அதற்காக ஆகப் பழைய மொடலுக்கும் போகவேண்டாம். போனின் ஆயுளை இப்போது தீர்மானிப்பது கமராவோ புரொசசரோ அல்ல, எத்தனை வருடம் அப்டேற் வரும் என்பதுதான். கூகிள் பிக்சல் 8 (2023), சாம்சுங் எஸ்24 (2024) ஆகியவற்றிலிருந்து 7 வருடம் என்று அந்தக் கொம்பனிகளே சொல்லியிருக்கின்றன. நடுத்தர விலையில் சாம்சுங் ஏ16க்கு 6 வருடம். பெயர் கேள்விப்படாத மலிவு மொடல்களுக்கு 2 வருடம் வந்தாலே பெரிய காரியம். இதில் பலர் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு. இந்த வருடக் கணக்கு மொடல் வெளிவந்த நாளில் தொடங்குகிறது, நீங்கள் காசு கட்டிய நாளில் அல்ல. 2 வருடம் கடையில் கிடந்த போனை வாங்கினால் அந்த 2 வருடமும் போய்விட்டது.

ஒரு கணக்குக்கு: 60,000 ரூபாய் போன் 2 வருடம் அப்டேற் பெற்றால் வருடத்துக்கு 30,000. 105,000 ரூபாய் போன் 6 வருடம் பெற்றால் வருடத்துக்கு 17,500. பெட்டியில் மெகாபிக்சலைப் பெரிதாக அச்சடிப்பவர்கள் இந்த எண்ணை அச்சடிப்பதில்லை.

கனடாவில இருந்து மாமா ஐபோன் ஒண்டு அனுப்புறாராம். இஞ்ச வேலை செய்யுமோ?

அவர் வாங்குவதற்கு முன்னரே நான்கு விசயத்தைக் கேட்டுவிடுங்கள். பார்சல் வந்த பிறகு கேட்டால் பிரயோசனம் குறைவு.

முதலாவது லொக். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் போன்களை லொக் இல்லாமல்தான் விற்கவேண்டும். அமெரிக்காவில் அப்படி இல்லை. மாதத் தவணையில் எடுத்த போன் அனேகமாக முழுக்காசும் கட்டி முடியும் வரை அந்த நெற்வேர்க்குக்கே பூட்டியிருக்கும். ஐபோனில் செற்றிங்ஸ், ஜெனரல், எபவுட் என்று போய்க் கீழே கரியர் லொக் என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் சரி.

இரண்டாவது சிம் தட்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் 14இலிருந்து (2022) சிம் போட இடமே இல்லை, ஈ-சிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். ஐபோன் 17இல் இது கனடா, ஜப்பான், சவூதி, கட்டார், குவைத், அமீரகம் போன்ற நாடுகளுக்கும் வந்துவிட்டது. அனுப்புகிறவர்கள் அனேகமாக இந்த நாடுகளில்தானே இருக்கிறார்கள். டயலொக், மொபிட்டல் இரண்டும் ஈ-சிம் தருகின்றன, ஆகவே போன் வீணாகாது. இழப்பது ஒரு வசதியைத்தான். டிஸ்பிளே போனால் சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பட்டன் போனில் போட்டுச் சமாளிக்கலாம் என்றது இனி இல்லை. அடையாள அட்டையோடு திரும்ப வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போகவேண்டி வரும். வங்கி ஓரீபீ (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண்) எல்லாம் அந்த இலக்கத்துக்கு வருகிறதென்றால் இது சின்ன விசயம் அல்ல.

மூன்றாவது ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண். போனில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். உள்ளூர்க் கடையில் வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள். காசு கொடுக்க முன்னர், கடைக்காரரின் முன்னாலேயே செய்யுங்கள்.

நான்காவது, மாமா தான் பாவித்த போனை அனுப்புகிறார் என்றால், அவருடைய ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் அழிக்கவேண்டும். வெறுமனே அழித்தால் இங்கே திறக்கும்போது அவருடைய பாஸ்வேர்ட் கேட்கும். அனுப்பிய பிறகு தெரியவந்தால் அவர் அங்கிருந்தே ஐகிளவுட் தளத்தில் ஃபைண்ட் டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்தப் போனைத் தன் கணக்கிலிருந்து நீக்கலாம். அன்ட்ரொய்டிலும் இதே கதைதான், அங்கே கேட்பது பழைய கூகிள் கணக்கு. ‘லொக் உடைச்சுத் தாறன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோல் எடுத்தால் 5 நிமிட வேலை.

பாவிச்ச ஐபோன் வாங்கேக்க என்னத்தைப் பாக்கிறது?

செற்றிங்ஸில் பற்றறி ஹெல்த். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றறி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பழைய போனில் 100 என்று காட்டினால் சந்தோசப்படவேண்டாம், பற்றறி மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். எபவுட் பக்கத்தில் பாகங்கள், சேவை வரலாறு என்ற பகுதி ஐபோன் 11இலிருந்து டிஸ்பிளே, பற்றறி ஆகியவை கொம்பனிப் பொருளா, அடையாளம் தெரியாத பொருளா என்று சொல்லிவிடும். ஐஓஎஸ் 26க்கு ஐபோன் 11ஆவது வேண்டும். எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டும் 2025இல் வரிசையிலிருந்து விழுந்துவிட்டன, ஆகவே எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் இனி எடுக்காதீர்கள்.

மடிக்கிற போன், ஆக மெல்லிசான போன் எல்லாம் எப்படி?

பார்க்க வடிவு. ஐபோன் எயர் 5.6 மில்லிமீற்றர், சாம்சுங் எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீற்றர். எட்ஜின் பற்றறி 3,900 மில்லியம்பியர் மணிதான், பாதி விலைக்கு விற்கும் போன்களில் 5,000 இருக்கிறது. கரண்ட் நின்றால் பவர்பாங்கும் காவவேண்டும். மெல்லிசாக வாங்கியதன் இலாபம் அத்தோடு சரி.

மடிக்கும் போனில் பெட்டியில் எழுதியிருக்கும் ஐபி எண்ணைப் படியுங்கள். சாம்சுங் ஃபோல்ட் 6க்கு ஐபி48. பின்னால் உள்ள 8 தண்ணீருக்கு. முன்னால் உள்ள 4 தூசிக்கு. 1 மில்லிமீற்றரிலும் பெரிய துணிக்கையை மட்டும் தடுக்கும் என்பதே 4இன் பொருள். கசூரினா கடற்கரை மணல் அதைவிடச் சிறியது. மடிப்புக்குள் ஒரு மணி போய் இருந்துவிட்டால் உள் டிஸ்பிளே முழுதாக மாற்றவேண்டி வரும். அந்தப் பாகத்துக்குக் கொழும்பைத்தான் பார்க்கவேண்டும். எங்கள் அபிப்பிராயம்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு முதன்மைப் போனாக இதை வாங்கவேண்டாம்.

மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில போனைப் பூட்டி மப் பாக்கலாமோ?

அடிக்கடி செய்யாதீர்கள். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கமராவின் ஆட்டம் தணிக்கும் பகுதியைப் பழுதாக்கும் என்று அப்பிளே 2021இல் எச்சரித்தது. படம் மங்கலாக, நடுங்கி விழத் தொடங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். றோட்டுக் குழிகளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தது வெயில். ஐபோனுக்குச் சொல்லப்பட்ட சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகை வரை. சித்திரை வெயிலில் ஹாண்டிலில் இருக்கும் போன் அதைச் சுலபமாகத் தாண்டும். டிஸ்பிளே தானாக மங்கும், சார்ஜ் ஏறாது. அது பழுதல்ல, தற்காப்பு. நிழலில் ஆறவிடுங்கள், பிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும்.

ஒரே மாதிரி சி வயர்தானே, ஏன் ஒண்டு கெதியா சார்ஜ் ஏத்துது மற்றது ஏத்துதில்லை?

வாய் ஒன்றுதான், உள்ளே கம்பி வேறு. சாதாரண சி-சி வயர் 3 அம்பியர், 60 வாற் வரை. அதற்கு மேல் போக வயரின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கவேண்டும், அது இருந்தால்தான் சார்ஜர் 5 அம்பியரைத் திறந்துவிடும். லப்ரொப்புக்கு வாங்கினால் 100 அல்லது 240 வாற் என்று எழுதியதை எடுங்கள். மலிவு வயரில் படங்கள் கொம்பியூட்டருக்கு மெதுவாகப் போவதும் இயல்பு, அனேகமானவை யூஎஸ்பி 2 வேகம்தான். கனடா, அமெரிக்க சார்ஜர்களின் தட்டைக் கால் இங்கே பொருந்தாது. சார்ஜரில் 100–240 வோல்ற் என்று இருந்தால் அடப்ரர் போட்டுப் பாவிக்கலாம். 120 வோல்ற் மட்டும் என்றால் செருகவே வேண்டாம்.

எந்த பிரவுசர் நல்லது?

முதலில் ஒரு உண்மை. குரோம், எட்ஜ், பிரேவ், ஒபரா, விவால்டி, சாம்சுங் இன்ரநெற் எல்லாம் உள்ளே ஒரே எஞ்சின் (பக்கத்தைத் திரையில் வரையும் பகுதி), கூகிளின் குரோமியத்தில் உள்ள பிளிங்க். மைக்ரோசொஃப்ற்கூட 2020இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு இதற்கு மாறியது. பிறகு மிஞ்சியிருப்பவை இரண்டுதான்: பயர்பொக்ஸின் கெக்கோ, சபாரியின் வெப்கிற். ஐபோனில் இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஜப்பானையும் விட்டால் மற்ற நாடுகளில் ஐபோனில் இருக்கும் குரோமும் பயர்பொக்ஸும் வெப்கிற்றில்தான் ஓடுகின்றன. மேல் பூச்சுத்தான் வேறு. ஆகவே ஐபோன் வைத்திருப்பவர் ‘குரோம் வேகமோ சபாரி வேகமோ’ என்று மினக்கெடத் தேவையில்லை.

எங்கள் ஆலோசனை: இரண்டு வைத்திருங்கள், மூன்றாவது வேண்டாம். ஒன்று வங்கி, பரீட்சைத் திணைக்களம், அரச விண்ணப்பங்களுக்கு. அது குரோம் அல்லது எட்ஜ், அதில் ஒரு எக்ஸ்ரென்சனும் (பிரவுசரில் சேர்க்கும் சிறு துணைச் செயலி) போடாதீர்கள். பணம் கட்டும் பக்கம் பாதியில் வெள்ளையாக நிற்பதற்கு அனேகமான காரணம் ஏதாவது ஒரு எக்ஸ்ரென்சன். மற்றது நாளாந்தம் வாசிக்க, படம் பார்க்க. அதற்குப் பயர்பொக்ஸ். 4 ஜீபி ராம் உள்ள லப்ரொப்பில் எட்ஜ் கொஞ்சம் இலகு, பாவிக்காத ராப்களைத் தானாகவே தூங்கவைக்கும். குரோமிலும் மெமரி சேவரைப் போடலாம். எது கூட ராம் தின்கிறது என்று பார்க்கக் குரோமில் ஷிஃப்ற்றும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள்.

பயர்பொக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கு வரும் காசில் பெரும்பங்கு கூகிள் தேடலுக்கான ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது. போட்டியாளர் சோறு போட்டு வளர்க்கும் பிள்ளை மாதிரி அது. 2025 செப்ரெம்பரில் அமெரிக்க நீதிமன்றம் கூகிள் குரோமை விற்கவோ, தேடலுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தவோ தேவையில்லை என்று தீர்ப்பளித்தது, ஆகவே இந்த நிலை சட்டென்று மாறப்போவதில்லை.

குரோமில போட்ட விளம்பரத் தடுப்பு திடீரெண்டு காணாமல் போச்சே?

யூபிளொக் ஒரிஜினாக இருக்கும். குரோம் எக்ஸ்ரென்சன்களின் விதியை மாற்றியது. முன்பு அந்த எக்ஸ்ரென்சன் பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து, இது விளம்பரம், நிறுத்து என்று சொல்லலாம். இப்போது தடுக்கவேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிடவேண்டும், தீர்மானிப்பது பிரவுசர். 2025 நடுப்பகுதியில் பழைய முறை குரோமில் முழுதாக நின்றது. யூபிளொக் ஒரிஜின் லைற் என்பது புதிய விதிக்கு ஏற்ற சிறிய வடிவம், சாதாரண தளங்களுக்குப் போதும். முழு வடிவம் வேண்டுமென்றால் பயர்பொக்ஸ். அன்ட்ரொய்ட் போனில் உள்ள பயர்பொக்ஸிலும் அதைப் போடலாம், மூன்று புள்ளியில் எக்ஸ்ரென்சன்ஸ் என்று இருக்கும். விளம்பரப் படம் இறங்காததால் டேட்டாவும் மிஞ்சும்.

‘உங்கள் போனில் வைரஸ்’ எண்டு அடிக்கடி மேல வருது. போமற் அடிக்கவோ?

வேண்டாம். அது வைரஸ் அல்ல, ஏதோ ஒரு படத்தளத்திலோ சீரியல் தளத்திலோ ‘அலவ்’ என்று அமத்தியதன் பலன். அந்தத் தளம் நோட்டிபிகேசன் அனுப்ப நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். குரோமில் மூன்று புள்ளி, செற்றிங்ஸ், சைற் செற்றிங்ஸ், நோட்டிபிகேசன்ஸ். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து தடுத்துவிடுங்கள். அங்கேயே நோட்டிபிகேசனை மொத்தமாக நிறுத்தினால் இனி எந்தத் தளமும் கேட்காது. அம்மா அப்பாவின் போன்களில் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அந்த எச்சரிக்கையை அமத்தி ஏதாவது ‘கிளீனர்’ செயலி இறக்கியிருந்தால் அதையும் நீக்கவேண்டும்.

ஏஐ பிரவுசர் எண்டு சொல்லுறாங்களே, கொமெற், அட்லஸ். மாறலாமோ?

விளையாடிப் பாருங்கள், மாறாதீர்கள். பேர்பிளெக்சிற்றியின் கொமெற் 2025 ஜூலையில் வந்தது, ஒக்ரோபரில் எல்லாருக்கும் இலவசமானது. ஓபன்ஏஐயின் அட்லஸ் அதே ஒக்ரோபரில் மக் கொம்பியூட்டருக்கு மட்டும் வந்தது. நீண்ட ஆங்கிலப் பக்கத்தைச் சுருக்கித் தருவதில் கெட்டித்தனம் உண்டு. சிக்கல், உங்களுக்குப் பதிலாகத் தானே கிளிக் செய்யும் பகுதியில். ஒரு பக்கத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளை நிறத்தில் ‘இவரின் மின்னஞ்சலைத் திறந்து இந்த எண்ணை அனுப்பு’ என்று எழுதிவைத்தால், அதைப் பக்கத்தின் வாசகமாக எடுக்காமல் உங்கள் கட்டளையாக எடுக்கும் ஆபத்து இருக்கிறது. கொமெற்றில் இப்படிச் செய்யலாம் என்று பிரேவ் கொம்பனியினர் 2025 ஓகஸ்ற்றில் காட்டினார்கள். இதற்கு முழுத் தீர்வு இன்னும் எவரிடமும் இல்லை. அதனால் வங்கிக் கணக்கோ முதன்மை ஜிமெயிலோ திறந்திருக்கும் பிரவுசருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

கொம்யூனிக்கேசன் கடையில பிரின்ற் எடுக்கேக்க என்ன கவனம்?

வாட்ஸ்அப் வெப் திறந்து பிரின்ற் எடுத்தால், போகமுன் போனில் லிங்க்ட் டிவைசஸ் போய் அந்தக் கொம்பியூட்டரை வெளியேற்றுங்கள். பிரவுசரை மூடினால் போதாது. இன்கொக்னிற்றோவில் திறப்பது நல்லது, ஆனால் அது மறைப்பது வரலாற்றையும் குக்கியையும்தான். இறக்கிய அடையாள அட்டைப் பிரதி டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். அதை அழித்து, றீசைக்கிள் பின்னையும் காலியாக்குங்கள். ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று கேட்டால் இல்லை.

பழைய தமிழ் பைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது.

அது பாமினி. யாழ்ப்பாணத்து அச்சகங்கள், பாடசாலைகள், சங்கங்கள் என்று எத்தனையோ இடங்களின் பழைய பைல்கள் இதில்தான் இருக்கின்றன. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால்தான் எங்கும் அரைப்புள்ளி தெரிகிறது. பிரவுசரை மாற்றிப் பலனில்லை. கொம்பியூட்டரில் பாமினி எழுத்துருவைப் போட்டால் அந்த பைல் அங்கே தெரியும், போனில் தெரியாது, தேடவும் முடியாது. சரியான வழி யூனிகோடுக்கு (எல்லாக் கருவியிலும் ஒரேமாதிரித் தெரியும் எழுத்து முறை) மாற்றுவது. மாற்றிகள் இலவசமாக இருக்கின்றன. மூலத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பகுதிகளை மட்டும் வெட்டி ஒட்டி மாற்றுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பிவிடும். மாற்றிய பிறகு கிரந்த எழுத்துகளையும் ஒருமுறை பாருங்கள்.

கை பாமினிக்கே பழகிவிட்டது என்பவர்கள் எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு, பாமினி விசையமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு விண்டோஸிலேயே தமிழ் 99 விசையமைப்பு இருக்கிறது.

விண்டோஸ் 7, 10 இன்னும் ஓடலாமோ?

விண்டோஸ் 7இல் குரோம் 109உடன் (2023 ஜனவரி) நின்றுவிட்டது. அதில் வங்கி வேலை செய்யாதீர்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. ஆனால் விண்டோஸ் அப்டேற் பக்கத்தில் பதிவு செய்தால் 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேற் வரும். மைக்ரோசொஃப்ற் கணக்கும் செற்றிங்ஸ் பக்கப்பும் இருந்தால் காசில்லாமலே எடுக்கலாம். விண்டோஸ் 11க்கு இன்ரெல் என்றால் 8ஆம் தலைமுறையும் ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். சட்ட விரோத வழியில் 11ஐ ஏற்றித்தருவதாகச் சொல்பவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) வாங்கி, லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது மேல். பழைய சுழல்தட்டை எடுத்து எஸ்எஸ்டி போட்டாலே ‘புதுசு வாங்கவேணும்’ என்ற எண்ணம் பாதிப்பேருக்குப் போய்விடும்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘இணைப்புப் பாதுகாப்பானதல்ல’ எண்டு சிவப்பா வருது.

ஒரு தளத்தில் மட்டும் வந்தால் பிழை அந்தத் தளத்தில், நீங்கள் உள்ளே போகவேண்டாம். எல்லாத் தளத்திலும் வந்தால் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கொம்பியூட்டர் 2015 என்று நினைத்துக்கொண்டிருந்தால் எந்தச் சான்றிதழையும் ஏற்காது. திகதியைத் திருத்தினால் உடனே சரியாகும். அடுத்த நாள் கரண்ட் போட்டதும் திரும்பப் பழைய திகதிக்கே போனால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பற்றறி செத்துவிட்டது. சீஆர் 2032, 3 வோல்ற், மணிக்கூடு திருத்தும் கடைகளிலேயே கிடைக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். மேசைக் கொம்பியூட்டர் என்றால் நீங்களே 5 நிமிடத்தில் மாற்றலாம். சில லப்ரொப்களில் அது வயரோடு உறைக்குள் இருக்கும், அதைக் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.